சோளகத்தில் சுண்டிக்குளம்: முதல் தடவை போகிறவர்களுக்கு

ஒவ்வொரு ஆடி மாதமும் எங்கள் வீட்டு முற்றத்தில் இதே பேச்சுத்தான். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணை, இவ்வளவு பூநாரை நிக்குதே, இது உங்கட பக்கம்தானே, நாளைக்குப் போவமா?" என்று கேட்பார்கள். அந்தப் படம் தை மாதம் எடுத்தது. ஆடியில் அதே இடத்துக்குப் போனால் தண்ணீரே இருக்காது, பிறகு நாரை எங்கே நிற்கும்? இதைச் சொன்னதும் முகம் வாடிவிடும். "அப்ப போய்ப் பிரயோசனம் இல்லையோ?" என்று அடுத்த கேள்வி வரும். பிரயோசனம் இருக்கிறது, ஆனால் தை மாதத்துக்கு ஆயத்தப்படுகிற மாதிரி ஆயத்தப்பட்டுப் போகக்கூடாது. வருடா வருடம் வாயால் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன், இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

சுண்டிக்குளம் இலங்கையின் வடக்கே, வன்னியின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. ஆனையிறவுக்குக் கிழக்கே நீண்டு போய்ப் பெருங்கடலைத் தொடும் நீரேரியும், அதைச் சுற்றியிருக்கிற பற்றைக்காடும் பனங்கூடலும் கண்டலும் சேர்ந்ததுதான் பூங்கா. 1938 இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2015 இல் தேசிய பூங்காவாக உயர்த்தினார்கள். பரப்பு ஏறத்தாழ 19,500 ஹெக்டேயர். கனகராயன் ஆறும் நெத்தலியாறும் இங்கே வந்துதான் முடிகின்றன. இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவைத் திறந்தால் அந்தத் தண்ணீரெல்லாம் கனகராயன் ஆற்றோடு இறங்கி, நீரேரியை நிரப்பி, தொடுவாய் வழியாகக் கடலுக்குப் போகும். இந்தத் தண்ணீரைக் கடலுக்கு விடாமல் மறித்து யாழ்ப்பாணத்துக்குத் திருப்பலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் ஒரு திட்டம் போட்டதும், அது பாதியில் நின்றதும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் அலுக்காமல் பேசும் விஷயம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்: மாரியில் அது கடல், கோடையில் அது வெட்டை. நீங்கள் போவது வெட்டைக்கு, அந்தக் காய்ந்த வெறுந்தரைக்கு.

முதல் வேலை, மாதத்தைப் பாருங்கள்

ஐப்பசியில் தொடங்கி பங்குனி வரைக்கும்தான் வலசைப் பறவைகளின் காலம். சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கும், பூநாரைக் கூட்டம் பெரிதாகச் சேரும். பருவம் என்று பறவை பார்க்கிறவர்கள் சொல்வது இதைத்தான். ஆனால் கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்துவிட்டால் அந்தப் பருவத்திலும் கரைக்குப் போக வழியிருக்காது, அது வேறு கதை.

பருவம் தப்பிய காலம் என்றால் வைகாசி முதல் புரட்டாதி வரை. இந்த ஐந்து மாதமும் ஒரே மாதிரி இருக்காது. வைகாசியிலும் ஆனி முற்பாதியிலும் ஆற்று முகங்களில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சியிருக்கும், அந்தக் குட்டைகளைச் சுற்றி ஊர்ப் பறவைகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். என்னைக் கேட்டால் அதுதான் நல்ல நேரம். ஆடியிலும் ஆவணியிலும் சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று, கண் திறக்க விடாது. புரட்டாதியில் வெயில் மண்டையைப் பிளக்கும், பின்னேரத்தில் திடீரென்று இடி மின்னலோடு ஒரு மழை விழுந்தாலும் விழும். அந்த ஒரு மழை போதும், காலையில் போன பாதையால் மாலையில் திரும்பி வர முடியாது.

வைகாசியில் வருகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். வைகாசி விசாகத்தை ஒட்டி வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும், உப்பு நீரில் விளக்கெரியும் கோயில் என்று சொன்னால் தெரியும். அந்த நாட்களில் முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது, ஓட்டோவும் கிடைக்காது. மற்றது மே 18. முள்ளிவாய்க்காலில் அஞ்சலி நடக்கும் நாள். பூங்காவின் தெற்குப் பக்கத்தால், மாத்தளன், சாலை வழியாகப் போக நினைக்கிறவர்கள் அந்தக் கிழமையை விட்டுவிடுங்கள். ஆட்கள் இறந்தவர்களுக்காக அழுதுகொண்டிருக்கும் வீதியால் நாங்கள் கமெராவைத் தூக்கிக்கொண்டு சுற்றுலா போவது சரியில்லை.

எந்தப் பக்கத்தால் போவது

மூன்று வாசல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வன்னிப் பக்கம்: கிளிநொச்சியிலிருந்து பரந்தன், அங்கே ஏ9 வீதியை விட்டு கிழக்கே முல்லைத்தீவு வீதியில் திரும்பித் தர்மபுரம், பிறகு வடக்கே கல்லாறு. நான் விசுவமடுக்காரன், எனக்குப் பழக்கமான வழி இதுதான். நீரேரியின் தென்கரைக்கு இதுதான் கிட்ட.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் புதுக்காட்டுச் சந்தியில் திரும்பி மருதங்கேணிக்குப் போய், கடலோரமாகவே தெற்கே உடுத்துறை, ஆழியவளை, வெற்றிலைக்கேணி, கட்டைக்காடு என்று ஊர் ஊராக இறங்கி வரலாம். இது சுற்று வழிதான், ஆனால் காலை வேளையில் அழகான வழி. உடுத்துறையில் சுனாமி நினைவிடம் இருக்கிறது, 2004 மார்கழி 26 இந்தக் கரையை என்ன செய்தது என்பதை அங்கே ஐந்து நிமிடம் நின்றால் யாரும் விளக்கத் தேவையில்லை. கட்டைக்காட்டுக்குத் தெற்கே வீதி மெல்ல மெல்ல மணலாகிவிடும்.

மூன்றாவது, புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன், சாலை வழி. முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

போனில் வரைபடத்தைத் திறந்தால் நீரேரிக்குக் குறுக்கே ஒரு கோடு தெரியும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பத்து நிமிடத்தில் போய்விடலாம் போல இருக்கும். அந்தக் கோட்டை நம்பி வண்டியை விடாதீர்கள். அன்றைக்கு அது பாதையா, குட்டையா, சுரியா (காலைப் புதைக்கும் சேறா) என்பது அந்தக் கிழமை அங்கே போய் வந்தவருக்கு மட்டும்தான் தெரியும். கல்லாற்றிலோ கட்டைக்காட்டிலோ ஒரு கடையில் நிறுத்தி பிளேன்ரீ ஒன்று குடித்துக்கொண்டே கேளுங்கள். "ஐயா, இப்ப உள்ளுக்குப் போகலாமோ, என்ன வண்டி போகும்?" என்று கேட்டால் போதும். ஒருவர் சொல்லத் தொடங்கினால் பக்கத்தில் இருக்கிறவர் திருத்துவார், மூன்றாவது ஆள் இருவரையும் மறுப்பார், கடைசியில் மூவரும் ஒத்துக்கொள்ளும் ஒரு வழி வரும். அதுதான் அன்றைய வழி.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் வழி உண்டு. யாழ்தேவியிலோ பஸ்ஸிலோ கிளிநொச்சியில் இறங்கி, முல்லைத்தீவு போகும் பஸ்ஸில் ஏறி, தர்மபுரத்தில் இறங்கி, ஓட்டோ பிடிக்கலாம். ஓட்டோக்காரரிடம் போகும் காசை மட்டும் பேசாதீர்கள், அங்கே நின்று காத்திருந்து திரும்பக் கூட்டி வருவதையும் சேர்த்து, எத்தனை மணித்தியாலம் என்பதையும் சேர்த்து ஏறும் முன்னரே பேசி முடித்துவிடுங்கள். உள்ளே போனபிறகு இன்னொரு ஓட்டோ வராது.

ஏ9 ஆல் தெற்கிலிருந்து வருகிறவர்கள் எப்படியும் முறிகண்டிப் பிள்ளையாரடியில் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் (நிலக்கடலை) வாங்குவீர்கள். ஒரு பையைக் கூட வாங்கி வையுங்கள், பசிக்கு உதவும். மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர். அதை வாங்கத் தேவையில்லை, சும்மா கிடைக்கும், வேண்டாம் என்றாலும் கிடைக்கும்.

அனுமதி, ரிக்கெட், கேள்வி

வில்பத்து, யால மாதிரி வாசலில் ஜீப் வரிசையாக நிற்கும், ஒருவர் வழிகாட்டியாக ஏறுவார் என்று எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். இங்கே அப்படியான ஆரவாரம் இல்லை. அதற்காக இது யாரும் கேட்பாரற்ற காடும் இல்லை. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும் இடம். போவதற்கு முதல் நாள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அந்தப் பகுதி அலுவலகத்தோடு பேசுங்கள்: எந்தப் பகுதிக்குள் போகலாம், ரிக்கெட் வேண்டுமா, எங்கே எடுப்பது என்று. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு நாட்டின் பூங்காக்களில் கட்டணம் வேறு, எங்களுக்கு வேறு. தமிழ் பேசினால் உள்ளூர்க் கட்டணம் என்று நினைத்து வாதாடாதீர்கள், என் மருமகன் ஒருவன் வேறொரு இடத்தில் அப்படி வாதாடி வெயிலில் அரை மணித்தியாலம் நின்றதுதான் மிச்சம். அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். வழியில் படையினரின் முகாம்கள் இருக்கின்றன, மறித்துக் கேட்டால் எங்கே போகிறீர்கள் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம். முகாமையும் காவலரணையும் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டுவருகிற பிள்ளைகளுக்கு: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் அதைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். பூங்காவுக்குள் என்றால் அதற்கும் தனியாகக் கேட்க வேண்டும்.

ஊர்ச் சனத்தோடு பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். பூங்கா எல்லைக் கல் தங்கள் காணியையும் மாடு மேய்த்த தரையையும் விழுங்கிவிட்டது என்ற மனக்குறை இங்கே பலருக்கு இருக்கிறது. "எவ்வளவு நல்ல பூங்கா உங்களுக்குக் கிடைச்சிருக்கு" என்று தொடங்கினால் பிளேன்ரீ ஆறிவிடும்.

எதைக் கொண்டுபோவது

தண்ணீர். ஓராளுக்கு ஐந்து லீற்றர், அதுவும் அரை நாளுக்கு. கூடுதல் என்று சிரிக்கிறவர்கள் பத்து மணிக்குப் பிறகு சிரிப்பதில்லை. இங்கே கிணறுகள் பெரும்பாலும் உவர், கோடையில் ஊர்ச் சனமே பவுசர் எப்போது வரும் என்று வாளியோடு பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு வீட்டில் போய் நின்றால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள், செம்பில் மொண்டு தருவார்கள், அதனால்தான் கேட்கக்கூடாது என்கிறேன். தேசிக்காய், உப்பு, சீனி, இல்லாவிட்டால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பைக்கற் இரண்டு. சாப்பாட்டைக் கிளிநொச்சியிலோ விசுவமடுவிலோ பார்சல் கட்டிவிடுங்கள், அதற்குப் பிறகு நம்பிப் போகக் கடை கிடையாது. தேங்காய்ச் சம்பல் இந்த வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். பாணும் கருவாட்டுப் பொரியலும் நிற்கும்.

தொப்பி போதாது, காதையும் மூக்கையும் சுற்றிக் கட்ட ஒரு சால்வை வேண்டும். சோளகம் மணலையும் உப்புத் தூளையும் அள்ளிக்கொண்டு வரும், கண்ணில் விழுந்தால் ஒரு நாள் முழுக்க எரியும். கறுப்புக் கண்ணாடி ஆடம்பரம் இல்லை, தேவை: வெள்ளை வெட்டையில் வெயில் கீழிருந்தும் அடிக்கும். முழங்காலுக்குக் கீழே மூடும் காற்சட்டை, மூடிய சப்பாத்து. செருப்போடு வந்தால் ஈச்சையும் நாகதாளியும் கவனித்துக்கொள்ளும், சுருட்டை விரியனும் அந்தப் பற்றைகளுக்குள்தான் கிடக்கும். மாடு மேய்கிற இடம் என்பதால் உண்ணியும் ஏறும், வீட்டுக்குப் போனதும் காலை நன்றாகப் பாருங்கள். கமெராவுக்கு ஒரு பிளாஸ்ரிக் பை. அங்கே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

மலசலகூடம் இல்லை. பெண்களோடும் சின்னப்பிள்ளைகளோடும் போகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துத் திட்டமிடுங்கள். எங்கள் வீட்டில் தர்மபுரத்தில் தெரிந்தவர் வீட்டில் இறங்கி ஏறிவிட்டுத்தான் உள்ளே போவோம். பெற்றோலைக் கிளிநொச்சியிலோ பரந்தனிலோ முழுதாக அடித்துவிடுங்கள். தங்குவதற்கும் கிளிநொச்சிதான் வசதி, ஏ9 வீதியோரம் விடுதிகள் இருக்கின்றன. பூங்காவுக்குள் கூடாரம் அடிக்கலாமா என்று கேட்காதீர்கள், அனுமதி எழுத்தில் இல்லாமல் அடிக்க முடியாது.

நேரம்

அதிகாலை நாலரைக்குக் கிளிநொச்சியை விட்டுவிட வேண்டும். இருட்டில் முல்லைத்தீவு வீதியில் மெதுவாகப் போங்கள், மாடுகள் தாரில் சூடு பிடித்துப் படுத்துக் கிடக்கும், வெளிச்சம் பட்டாலும் எழும்பாது. ஆறு மணிக்குச் சற்று முன்னர் விடியும்போது நீரேரிக் கரையில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். நடுப்பகலில் உள்ளே இருப்பதில் வீரம் ஒன்றுமில்லை, பறவையும் நிழலுக்குப் போய்விடும். மறுபடி நாலு மணிக்குப் போய், இருட்ட முன்னர் திரும்பிவிடலாம். ஒரு நாளில் இரண்டையும் செய்யப் பார்க்காதீர்கள், ஒரு காலை, மறுநாள் ஒரு மாலை என்று பிரித்தால் பிள்ளைகள் அழாமல் இருக்கும்.

சுரி

இந்தப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

ஆவணியில் நீரேரியின் தரை வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்துக் கிடக்கும். காய்ந்து வெடித்து, சீமெந்து போட்ட முற்றம் மாதிரி இருக்கும். நடந்து பார்த்தால் முதல் ஐம்பது அடி கெட்டியாக இருக்கும். அதற்கு அப்பால் மேலே மட்டும்தான் காய்ச்சல், அடியில் கறுப்புச் சுரி. முதல் முறை நான் மோட்டார்சைக்கிளை அதன்மேல் விட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் அந்தப் பக்கத்துக்காரன், எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. ஒரு நிமிடம் பறந்தேன். பிறகு முன் ரயர் மெல்லக் கீழே இறங்கியது, நான் ஆக்சிலேற்றரை முறுக்கினேன், பின் ரயர் தன் பங்குக்குக் குழி தோண்டிக்கொண்டு அச்சு வரை போய்விட்டது. இறங்கினால் முழங்கால் வரை நானும் போகிறேன். சுரியின் நாற்றம் தெரியுமா, கூழ்முட்டை மாதிரி. ஒரு மணித்தியாலம் கழித்து மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஒரு ஐயா கரையில் நின்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி எந்த ஊர்?"

"விசுவமடு, ஐயா."

"விசுவமடுவோ?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த ஏளனத்தை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு போய் லான்ட்மாஸ்டர் உழவியந்திரத்தையும் இரண்டு பொடியளையும் கூட்டிக்கொண்டு வந்தார், பனை மட்டையைச் சுரியில் பரப்பி, கயிறு கட்டி இழுத்தார்கள். போகும்போது அவர் சொன்னது: "மாட்டுக் காலடி போற வழியால போ. மாட்டுக்குத் தெரியும் எங்க சுரி எண்டு, உனக்குத் தெரியாது."

அதன்பிறகு என் சட்டம் இதுதான். வண்டி கிறவல் பாதையைவிட்டு இறங்காது. நடந்து போவதென்றாலும் மாட்டுத்தடம் அல்லது அண்மையில் போன உழவியந்திரத் தடம் இருக்கிற இடத்தால் மட்டும். தரையின் வெள்ளை மங்கி ஈரக் கறுப்பாகத் தெரிந்தால், அல்லது உமிரிச் செடி சிவப்பும் பச்சையுமாகக் கொழுத்து நின்றால், அங்கே அடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கையில் ஒரு தடி வைத்துக் குத்திப் பார்த்து நடங்கள். மாட்டிக்கொண்டால் ஆக்சிலேற்றரை முறுக்காதீர்கள், ரயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு, மட்டை, விறகு, கால் விரிப்பு எதையாவது அடியில் கொடுத்துப் பின்பக்கமாக இழுங்கள்.

தடத்தை விட்டு விலகாதே என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, வன்னியில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். 2009 வரை போர் நடந்த நிலம் இது. வடக்கில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையோ நாடாவோ கண்டால் அதோடு திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடம் எல்லாம் பாதுகாப்பு என்றும் இல்லை, ஆட்கள் நாளாந்தம் நடக்கும் பாதைதான் பாதுகாப்பு. மணலில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் எடுக்காதீர்கள், காலால் தட்டியும் பார்க்காதீர்கள், பிள்ளைகளிடம் வண்டியை விட்டு இறங்கும் முன்னரே சொல்லி வையுங்கள். கண்டதைப் பொலிஸுக்கு அறிவியுங்கள், 119.

சரி, இவ்வளவையும் தாண்டிப் போய் என்ன பார்ப்பது?

முதலில் தரையைப் பாருங்கள். விடியற்காலையில் வெயில் சரிவாக விழும்போது ஈரச் சேற்றின் ஓரத்தில் இரவு நடந்ததெல்லாம் எழுதியிருக்கும்: மான் குளம்பு, பன்றி கிளறிய இடம், நரியின் கால், சில நாளில் நடுவில் வால் இழுபட்ட கோட்டோடு முதலையின் தடம். அந்தக் கோட்டைக் கண்டால் குட்டையின் கரைக்குக் கிட்டப் போகாதீர்கள். நீர் வற்றும்போது முதலைகளும் மிச்சமிருக்கிற குட்டைக்குத்தான் ஒதுங்கும், முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கிவிடாதீர்கள்.

பறவை இல்லை என்று யார் சொன்னது? குட்டைகளில் மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, கொக்கு வகைகள், சிவந்த நீளக்காலோடு பவளக்காலி எல்லாம் நிற்கும். மீன் ஒரே இடத்தில் நெருங்கிக் கிடப்பதால் அவற்றுக்கு இதுதான் விருந்துக் காலம். மாரியில் ஒரு கிலோமீற்றருக்கு அப்பால் புள்ளியாகத் தெரிவது கோடையில் கிட்டவே நிற்கும். மேலே செம்பருந்து வட்டமிடும். சில வருடங்களில் வடக்கே திரும்பாமல் தங்கிவிட்ட பூநாரைகள் சிலதும் இருக்கும், அதை நம்பி மட்டும் ரிக்கெட் போடாதீர்கள். வெட்டையின் நடுவில் ஆள்காட்டி தலைக்கு மேலே பறந்து கத்தத் தொடங்கினால் உடனே நில்லுங்கள், காலடியைப் பாருங்கள். ஆள்காட்டியும் உப்புக்கொத்தியும் ஆலாவும் இந்த மாதங்களில்தான் வெறுந்தரையில் முட்டையிடும், கூடு என்று ஒன்றும் கிடையாது, கல்லும் சிப்பியும் கிடக்கிற நிறத்திலேயே முட்டையும் கிடக்கும். வந்த அடியிலேயே பின்னால் போய்விடுங்கள். முட்டையைப் படம் எடுக்க நின்றால் அந்த நேரத்துக்குள் வெயில் அதை அவித்துவிடும், தாய் வந்து நிழல் கொடுத்தால்தான் அது பிழைக்கும்.

எட்டு மணிக்குப் பிறகு கானல் நீர் வரும். தூரத்துப் பனைகள் தண்ணீரில் நிற்பது போலவும், மாடுகள் காற்றில் மிதப்பது போலவும் தெரியும். என் மாமி மகள் கனடாவிலிருந்து வந்தபோது, "அண்ணை, தண்ணி இல்லை எண்டு சொன்னீங்கள், அங்க கடல் தெரியுதே!" என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டாள். நடந்து போய்ப் பார் என்றேன். போனாள், தண்ணீரும் அவளோடு போய்க்கொண்டே இருந்தது.

கண்டல் ஓரம் போகிறவர்கள் தில்லை மரத்தின் கிளையை முறிக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

பெருங்கடல் பக்கம் போனால் அங்கே பருவம் தப்பியதாகவே தெரியாது. சோளகம் வீசும் மாதங்களில் இந்தக் கரைக் கடல் அடங்கிக் கிடக்கும், மீன்பிடிக்கு இதுதான் காலம். வாடிகள் போட்டுத் தொழில் செய்கிறார்கள், கரைவலை இழுக்கிறார்கள். விடிய விடியப் போனால் கரையிலேயே மீன் வாங்கலாம். வலை இழுக்கிற இடத்தில் கயிற்றுக்குக் குறுக்கே நிற்காதீர்கள், கேட்டால் உங்களையும் ஒரு பக்கம் பிடிக்கச் சொல்வார்கள். குளிப்பதில் ஒரு எச்சரிக்கை: கடல் தட்டையாக இருக்கிறது என்று பிள்ளைகளைக் காற்றடித்த ரியூப்பில் மிதக்க விடாதீர்கள். சோளகம் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. அலை இல்லை என்பது உண்மை, ஆனால் ரியூப் ஐந்து நிமிடத்தில் ஆழ்கடலைப் பார்த்துப் போய்விடும், நீந்திப் பிடிக்க முடியாது.

ஆனி, ஆடியில் வந்தால் வழியில் பாலைப்பழம் விற்பார்கள். மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பழம், தேன் மாதிரி இனிக்கும், பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு பேச விடாது, துளி தேங்காய் எண்ணெய் தடவினால் போகும். வீதியோரத்தில் வாங்கிச் சாப்பிடுங்கள், பூங்காவுக்குள் பறிக்கக்கூடாது. பாலை மரத்தடிக்குப் போகாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல காரணமும் இருக்கிறது: கரடிக்கும் அந்தப் பழம்தான் உயிர். வன்னிக் காட்டில் ஆட்கள் அதிகம் பயப்படுவது சிறுத்தைப்புலிக்கோ யானைக்கோ இல்லை, கரடிக்குத்தான்.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள். சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வெளியே ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். யாருக்காவது வெயிலில் தலை சுற்றினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் நனைத்த துணி போடுங்கள், அம்புலன்ஸ் 1990, ஆனால் அது வந்து சேரும் கிறவல் பாதை வரைக்கும் நீங்கள்தான் ஆளைக் கொண்டுவர வேண்டும். குப்பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், சோளகத்தில் விட்ட ஒரு சொப்பின் பை நேராகக் கடலுக்குத்தான் போகும்.

வீட்டுக்கு வந்ததும் குளிக்க ஓடாதீர்கள், முதலில் வண்டியைக் கழுவுங்கள். அடிப்பக்கம், ரிம், செயின், பிரேக் எல்லாவற்றுக்கும் நல்ல தண்ணீர் அடித்து, காய்ந்தபிறகு செயினுக்கு எண்ணெய் விடுங்கள். நாளைக்குச் செய்வோம் என்று விட்டால் உப்பு ஒரு கிழமைக்குள் தன் வேலையைக் காட்டிவிடும். என்னுடைய பைக்கின் செயின் கவரை வந்து பாருங்கள், சுரியில் புதைந்த அன்றைக்குக் களைப்பில் கழுவாமல் படுத்ததற்கு அதில் இப்போது மூன்று ஓட்டை.